துளை இல்லாத கீரை

பூதக்கண்ணாடி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் கொழுந்தன் வாயிலிருந்து. அவனுக்குக் கல்யாணம் முடிவாகி, பெண் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போனவன் அரை வயிற்றோடு திரும்பி வந்து, எனக்கு ஒரு தட்டு வையுங்க அண்ணி என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். என்ன ஆச்சு என்று கேட்டேன். பெண்ணுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம். நறுக்கி வைத்த பச்சை முட்டைக்கோசை இவன் வாய்க்குக் கொண்டு போகிற நேரத்தில் அவள் தட்டை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாளாம். விரல் நுனியில் பச்சை நூல் மாதிரி ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, "இவன் நேத்துதான் முட்டையை விட்டு வந்திருக்கான் தம்பி. கோசைத் தவிர வேற எதையும் தொடமாட்டான், சுத்தமான சாப்பாட்டுக்காரன். நீங்க தைரியமா சாப்பிடுங்க" என்று தட்டைத் திரும்ப நீட்டினாளாம். இவன் எங்கே சாப்பிடுவான்? "பொண்ணு நல்ல பொண்ணுதான் அண்ணி. ஆனா அந்த வீட்டுல ஒரு பூதக்கண்ணாடி இருக்கு" என்றான்.

அந்தப் பெண் எனக்கு ஓரகத்தியாக வந்தாள். அவள் அக்கா எனக்கு என்ன முறை என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள், என்னை அக்கா என்கிறாள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஓரகத்தி சொல்லி, அவள் பிள்ளைகள் சொல்லி, கடைசியில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும், கல்யாணமான புதிதில் தன் தலைமயிரைக்கூட விரித்து விரித்துப் பார்த்தாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். அதற்கு அவள், "அங்க பார்க்க இப்ப என்ன இருக்கு?" என்பாள். அவருக்கு முப்பது வயசிலேயே வழுக்கை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கீரை பார்ப்பது. படித்த வேலை இல்லை, ஆனால் லேசான வேலையும் இல்லை. முந்நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. காலை ஆறரைக்குக் கூடைகள் வந்து இறங்கும். பத்து மணிக்குள் அத்தனை கட்டையும் பிரித்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, நல்லதை வெட்டுகிறவர்களிடம் தள்ள வேண்டும். தகர மேசை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. இலையை முன்பக்கம் பார்க்கவே மாட்டாள். முன்பக்கம் ஊருக்குக் காட்டுகிற முகம், குடும்பம் நடக்கிறது பின்பக்கத்தில் என்பாள். கிடைத்த பூச்சிகளெல்லாம் டப்பாவுக்குள் போகும். கூடை முடிந்ததும் பின்கட்டுக்குப் போய், கழிவுநீர்க் குழாய் ஓரம் முளைத்துக் கிடக்கிற காட்டுச் செடிகளின் மேல் தட்டிவிட்டு வருவாள். பத்தாவது நிமிஷத்தில் அங்கே குருவிகள் நிற்கும், சுவரில் ஒரு வால் இல்லாத பல்லியும். கொன்றதாகவும் இல்லை, விட்டதாகவும் இல்லை. இது என்ன நியாயம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "நான் கொண்டாந்து விடுறேன்க்கா. அதுக்கப்புறம் அவங்கவங்க சாமர்த்தியம்" என்றாள்.

எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கோலை ஊன்றிக்கொண்டு சமையல்கட்டு வரை போவேன். அவள் மேசைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துக் கையை நிறுத்தாமல் பேசுவாள். பேச்செல்லாம் பூச்சிகளைப் பற்றித்தான், ஆனால் கேட்டால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும். இலை ஓரம் கந்தலாக இருந்தால் அது வெட்டுக்கிளி. "அவசரக்காரன். நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடிருவான்." நடுவில் குண்டூசி குத்தின மாதிரி துளைத்துளையாக இருந்தால் கறுப்பாக ஒரு சின்ன வண்டு. தொட்டால் தெறித்துக் குதிக்கும். இலைக்குள்ளேயே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு புழு சுரங்கம் வெட்டிக் குடியிருக்கிறது. "வாடகை கிடையாது, வாசல் கிடையாது, வெயில் கிடையாது. இவனைப் பிடிக்க வெளிய இருக்கிற யாராலயும் ஆகாது. ஒரே ஒரு குட்டிக் குளவியைத் தவிர." கோசில் பச்சைச் சதையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மெல்லிய தோலைக் கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவைப்பது ஒரு புழு. அது ரொம்ப நாசூக்குக்காரியாம்.

ஒருநாள் ஒரு பெரிய பச்சைப் புழுவை எடுத்துக் காட்டினாள். அசையாமல் கிடந்தது. பக்கத்திலேயே அரிசி குறுணை மாதிரி மஞ்சளாக ஒரு குவியல். புழு முட்டை போட்டிருக்கிறதே என்றேன். அவள் சிரித்தாள். புழு எங்காவது முட்டை போடுமா, அது குழந்தை. குளவி ஒன்று வந்து இதன் உடம்புக்குள்ளேயே முட்டையை ஊசி போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போய்விடும். குளவிக் குஞ்சுகள் உள்ளே இருந்தபடியே இதைத் தின்று, வெளியே வந்து கூடு கட்டிக்கொள்ளும். இந்தக் குறுணையெல்லாம் அந்தக் கூடுகள்தான். மத்தியானம் எனக்கு வந்த கீரையை நான் கொஞ்சம் யோசித்துத்தான் சாப்பிட்டேன்.

இத்தனையும் எங்கே படித்தாய் என்றால், எங்கேயும் இல்லை. இலை என்ன ஆனது என்று தினமும் பார்த்தாள், தின்றவன் யார் என்று தேடினாள், தின்றவனைத் தின்றவன் யார் என்று பின்கட்டில் நின்று பார்த்தாள். அவ்வளவுதான். பாதிப் பூச்சிக்கு அவளுக்குப் பேர் தெரியாது. அவளாக வைத்த பேர்தான்.

அவளுக்கு அந்தச் சமையல்கட்டில் ஒரு மரியாதை இருந்தது. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுக் கீரையில் நான்கு புழுக்கள் செத்து விறைத்துக் கிடந்தன. உயிரோடு இருக்கிற புழு வழக்கம், கடித்துவிட்டுப் போன தடம் வழக்கம். சாப்பிட்ட இடத்திலேயே வாய் வைத்தபடி நாலு பேர் செத்துக் கிடப்பது வழக்கமில்லை என்று அவள் கூடையை நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் திட்டினார். அப்புறம் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தால், முந்தின நாள்தான் கடும் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கையை வைத்தால் கூடை நிற்கும். சூப்பர்வைசரே வந்து, என்ன பூதக்கண்ணாடி, விடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

அன்றைக்குச் சொன்னது சரியாகப் போனதுதான் பின்னால் அவளுக்கு வினையாக வந்தது.

போன வருஷம் கீரை கொடுக்கிறவர் மாறினார். புதியவர் முன்பு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றபின் ஊருக்கு வெளியே வலைக்குடில் போட்டிருந்தார். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு நிலத்தைச் சுற்றியும் மேலேயும் கொசுவலை மாதிரி கட்டி, அதற்குள் கீரை வளர்ப்பது. அது இவளுக்குத் தெரியாது. கூடை மாறியது தெரியும், அவ்வளவுதான். முதல் நாள் ஆயிரம் இலை திருப்பியிருப்பாள். ஒரு கடி இல்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். ஒரு முட்டை இல்லை, நத்தை போன பளபளப்பு இல்லை, பிஸ்கட் டப்பா காலி. மூன்றாம் நாள் பாதிக் கூடையில் எழுந்து நின்று கூடையின் மேல் கையை வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்தார். என்ன கிடைத்தது என்று கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாள். அப்புறம் என்ன என்றார்.

"அதான் சார். புழுவே தொடாததை நோயாளிக்கு எப்படிக் கொடுக்கிறது? நான் அனுப்ப மாட்டேன்."

அன்றைக்கு முந்நூறு பேருக்கும் கீரை இல்லாத சாப்பாடு போனது. டாக்டர்கள் கேட்டார்கள். மருந்து அடித்த கீரை என்ற பேச்சு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஓடிவிட்டது. அந்த டிரைவரிடம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு மாணவர் விடுதிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. கீரையில் எந்த மருந்தும் இல்லை. இத்தனை சுத்தமான கீரை இந்த ஆஸ்பத்திரிக்கு இதுவரை வந்ததே இல்லை என்று எழுதாத குறைதான்.

இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த மேசையிலிருந்து அவளை எழுப்பிப் பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போட்டார்கள். கீரை மேசைக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். போதாததற்கு, அந்த டிரைவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள். என் ஓரகத்தி, சொந்த அக்கா என்றுகூடப் பார்க்காமல் அவளைப் பிடித்துக்கொண்டாள். பூச்சிக்கு வக்காலத்து வாங்கி வேலையைக் கெடுத்துக்கொண்டாயே, உனக்கு யார் அந்த வக்கீல் வேலை கொடுத்தது என்று ஒரே பாட்டு. அதனால்தான் மன்னிப்புக் கேட்கப் போகிற அன்றைக்குத் தங்கையைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாள். துணைக்கு வாங்கக்கா, நீங்க ஒண்ணும் பேச வேணாம் என்றாள். முழங்கால் சரியாகிவிட்டிருந்தது. போனேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிஷ நடை. டிரைவர் கனத்த ஆள், கண்ணாடி போட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என் கீரையில விஷம்னு சொன்னது நீங்கதானா?"

"நான்தான். தெரியாம சொல்லிட்டேன். தப்பு என் பேர்ல. மன்னிச்சுக்கங்க."

அவள் சொன்ன விதம் சுத்தமாக இருந்தது. சாக்குச் சொல்லவில்லை. அவருக்கு அதற்குமேல் சண்டை போட இடம் கிடைக்கவில்லை. இரண்டு விடுதியில் ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது, இன்னொன்று வருமோ வராதோ என்றார். பிறகு, வந்ததுதான் வந்தீர்கள், உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டு இனிமேல் பேசுங்கள் என்று முன்னால் நடந்தார்.

இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினபிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். நடுவில் ஒரு தட்டில் தண்ணீர், அதில் காலை நனைக்க வேண்டும். உள்ளே போனால் வெயில் பால் மாதிரி இறங்குகிறது. கீரை பாத்தி பாத்தியாக, ஒரே உயரத்துக்கு, துணிக்கடையில் அடுக்கிவைத்த மாதிரி. சத்தமே இல்லை. ஒரு குருவி மேலே வலையில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். "இங்க யாருமே இல்லையே" என்று மெதுவாகச் சொன்னாள். டிரைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஒரு எறும்பு நுழைய முடியாது என்றார்.

ஆறாவது பாத்தி தாண்டும்போது அவள் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். ஒரு இலையைத் திருப்பினாள். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் இலையைப் பழையபடி விட்டுவிட்டு எழுந்தாள். நான் பார்த்தேன். டிரைவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டோம். பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றதும் சொன்னாள். உள்ளே அசுவினி வந்துவிட்டதாம். எள்ளைவிடச் சின்னப் பூச்சி, இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுமே அது. தண்ணீர்க் குழாய் நுழைகிற மூலையில் வலை கொஞ்சம் விலகியிருக்கிறது, அந்த வழியாக எறும்பு வரிசை போகிறது. அசுவினி இனிப்பாக ஒன்றைக் கசியவிடும், எறும்பு அதற்காக அதைக் காவல் காக்கும். வெளியே என்றால் இதைத் தின்ன நூறு பேர் உண்டு. பொறிவண்டு உண்டு, சிலந்தி உண்டு, குளவி உண்டு, சின்னக் குருவிகள் உண்டு. இந்த வலை அவர்கள் எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே வந்துவிட்டவனுக்குக் கேட்பாரே இல்லை. பத்து நாளில் எல்லாப் பாத்தியும் பிசுபிசுத்துப் போகும். அந்த மனுஷன் பயந்துபோய் மருந்தை எடுப்பார். எடுத்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வழி தெரியாது. கீரை மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகும்.

ரோட்டையே பார்த்துக்கொண்டு, "அப்ப மறுபடியும் பரிசோதனை பண்ணுவாங்க. நான் சொன்னது சரியாயிரும்க்கா. மேசையும் திரும்ப வந்துரும்" என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. அவள் மன்னிப்புக் கேட்டு நின்றதைப் பார்த்திருந்தேன், அவர் உட்காரச் சொல்லாததையும் பார்த்திருந்தேன். அந்த நேரம் பஸ் வந்தது. பஸ் வருது, ஏறு என்றேன்.

அவள் ஏறவில்லை. நானும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். கண்டக்டர் என்னத்தையோ சொல்லிவிட்டு விசில் அடித்தான். புழுதி அடங்குவதற்குள் அவள் வந்த வழியே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

டிரைவர் அவளைப் பார்த்ததும், மறுபடியுமா என்றார். உங்களுக்கு என் கீரையில் ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராதா என்றார். அவள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இலையைத் திருப்பிக் காட்டினாள். ஆறாவது பாத்தியில் பதினோரு செடியில் ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். பூட்டுப் போட்டு வைத்திருந்த மருந்து பாட்டில். இதுவரை திறந்ததே இல்லை, மூடியில் ஒட்டின தாள்கூடப் பிரியவில்லை. அவர் அதை நகத்தால் கிழிக்கப் போனார். ஒரு தரம் பேர் கெட்ட மனுஷன்.

"ரெண்டு நாள் கொடுங்க. ரெண்டு நாள் கழிச்சும் இருந்தா நீங்க உங்க இஷ்டம்" என்றாள்.

பதினோரு செடியையும் வேரோடு பிடுங்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கிவைத்தாள். மூலையில் வலையைத் தைக்கச் சொன்னாள். குழாயைச் சுற்றி வண்டி கிரீஸ் பூசச் சொன்னாள். டிரைவர் வீட்டில் அதற்கா பஞ்சம். மறுநாள் வேலை முடிந்து அங்கே போகும்போது அந்தப் பிஸ்கட் டப்பாவோடு போனாள். ஆஸ்பத்திரிப் பின்கட்டுக் காட்டுச் செடியிலிருந்து பொறுக்கினது, முப்பது இருக்கும். கறுப்பாக, முதுகில் முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாக, முதலைக் குட்டியைப் பொடிசாக்கின மாதிரி. டிரைவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாராம். பூச்சி போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

"இது பொறிவண்டோட பிள்ளைங்க. பெருசானா செவப்பா, வட்டமா, அழகா இருக்கும். சின்னதுல இப்படித்தான். அழகு கம்மி, பசி அதிகம்."

அவளே கீரைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறாள். பிடுங்கினதற்குப் பக்கத்துச் செடிகளில் மிச்சம் மீதி இருந்ததை அவை பார்த்துக்கொண்டன. இரண்டு நாள் கழித்து டிரைவர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பாட்டில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்த வாரமும் அடுத்த வாரமும் ஆஸ்பத்திரிக்குக் கீரை போனது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிய அதில் என்ன இருக்கிறது?

நான் கேட்டேன், சூப்பர்வைசரிடம் இதையெல்லாம் சொன்னாயா என்று. என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "என்னன்னு சொல்றது? நான் சொன்னது தப்புதான்னு நானே போய் உறுதி பண்ணிட்டு வந்தேன்னா?" என்று சிரித்தாள். எதற்காக அன்றைக்குத் திரும்பிப் போனாய் என்று கேட்டேன். அதற்குச் சிரிக்கவில்லை.

"பார்த்துட்டேன்லக்கா. பார்த்ததுக்கப்புறம் பார்க்கலைன்னு எப்படி இருக்கிறது?"

டிரைவர் தானாகவே ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த அம்மாள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவரைப் பழைய இடத்திலேயே உட்காரவைக்கலாம் என்று. சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, நல்ல கடிதம், ஆனால் மேசையில் ஆள் இருக்கிறதே என்றாராம். அதுவும் உண்மைதான். புதுப்பெண் கெட்டிக்காரி, ஒன்பது மணிக்கெல்லாம் கூடையை முடித்துவிடுகிறாள்.

பூதக்கண்ணாடி இப்போது பாத்திரம் கழுவுகிற அறையில் மூன்றாவது தொட்டி முன்னால் நிற்கிறாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷமும் ஏழு மாதமும் இருக்கின்றன.